உழவு இயந்திரப் பெட்டிக்குப் பின்விளக்கும் பிறேக்கும்

அறுவடைக் காலம் தொடங்கிவிட்டால் எமது வயற் கிராமங்களில் உழவு இயந்திரங்களுக்கு ஓய்வு கிடையாது. பகலெல்லாம் வயலில் நின்ற இயந்திரம், பொழுது சாய்ந்ததும் பெட்டியைக் கொழுவிக்கொண்டு நெல் மூட்டைகளோடு வீதிக்கு ஏறுகிறது. நெல் முடிந்தால் வைக்கோல். வைக்கோல் முடிந்தால் மணல், கல், விறகு. மடுத் திருவிழாவுக்கும் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் குடும்பத்தோடு சென்று இரவில் திரும்புவதற்கும் பலருக்கு இந்தப் பெட்டிதான் வாகனம். ஆனால் இரவில் வீதியில் செல்லும் பெட்டிகளைச் சற்றுக் கவனித்தால் ஒன்று தெரியவரும். பலவற்றில் பின்விளக்கு இல்லை. சிலவற்றில் விளக்கு இருந்தும் எரிவதில்லை.

முன்னர் எமது வீதிகள் குன்றும் குழியுமாகக் கிடந்தன. எந்த வாகனமும் விரைந்து செல்ல முடியாத நிலையில், விளக்கில்லாத பெட்டியும் ஒருவாறு தப்பிக்கொண்டது. 2009 இன் பின்னர் ஏ9 வீதி உட்பட வடக்கின் பிரதான வீதிகள் திருத்தி அமைக்கப்பட்டன. வான்களும் பஸ்களும் மோட்டார் சைக்கிள்களும் இன்று அவற்றில் விரைந்தோடுகின்றன. உழவு இயந்திரமோ அன்று போலவே இன்றும் மணிக்கு 20 கிலோ மீற்றர் வேகத்திலேயே செல்கிறது. ஆபத்து இந்த வேறுபாட்டிலேயே இருக்கிறது.

இதனை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். மணிக்கு 70 கிலோ மீற்றர் வேகத்தில் வரும் வான் ஒன்று, 20 கிலோ மீற்றர் வேகத்தில் செல்லும் பெட்டியை ஒவ்வொரு செக்கனும் ஏறத்தாழ 14 மீற்றர் நெருங்குகிறது. விளக்கைத் தாழ்த்தி வரும் அதன் சாரதிக்கு, சேறு படிந்த பெட்டி 40 மீற்றர் தூரத்தில்தான் கண்ணுக்குப் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கிடைப்பது மூன்று செக்கனுக்கும் குறைவான நேரமே. அதில் முதல் ஒரு செக்கனுக்கு மேல், முன்னால் இருப்பது என்னவென்று அறிந்து பிறேக்கில் கால் வைப்பதிலேயே கழிந்துவிடும். அதே பெட்டி 150 மீற்றர் தூரத்திலேயே தெரிந்திருந்தால், அவருக்குப் பத்துச் செக்கன் கிடைத்திருக்கும். மோட்டார் சைக்கிளில் வருபவருடைய நிலை இன்னும் மோசம். அவருடைய விளக்கு ஒன்றே ஒன்று; உடலைக் காக்க இரும்புக் கூடும் இல்லை. பெட்டியின் பின் மூலை அவருடைய நெஞ்சு மட்டத்தில் இருக்கிறது.

ஆகவே பெட்டிக்கு விளக்குப் பூட்டுவது பொலிஸார் தண்டம் எழுதிவிடுவார்கள் என்பதற்காக மட்டும் செய்யும் வேலையன்று. பெரும் செலவுள்ள வேலையுமன்று. இக்கட்டுரையில், பழைய உழவு இயந்திரம் ஒன்றின் பெட்டிக்கு விளக்குப் பூட்டும் முறையையும், பெட்டியின் பிறேக் பற்றி அறிந்திருக்க வேண்டியவற்றையும் நாம் படிப்படியாகப் பார்ப்போம்.

விளக்கு ஏன் எரிவதில்லை?

பெட்டி வாங்கும்போது பெரும்பாலும் விளக்கும் சேர்ந்தே வருகிறது. சில மாதங்களில் அது செத்துவிடுகிறது. குமிழ் எரிந்து போவது இதற்கு ஒரு காரணம்தான். முக்கிய காரணங்கள் மூன்று.

முதலாவது, எர்த் வயர். பற்றறியிலிருந்து விளக்குக்குச் செல்லும் மின்னோட்டம் மீண்டும் பற்றறிக்குத் திரும்பி வருவதற்கு ஒரு வழி வேண்டும். உழவு இயந்திரத்தின் இரும்பு உடலே அந்த வழியாகப் பயன்படுகிறது. பெட்டிக்கும் அப்படியே என்று எண்ணி, பெட்டியைக் கொழுவும் ஆணி வழியாகவே மின் திரும்பட்டும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த ஆணியில் இருப்பவை கிறீஸ், துரு, சேறு, பெயின்ற் ஆகியவை. இவற்றில் எதுவும் மின்னைச் சரிவரக் கடத்தாது. வண்டி குலுங்கும்போது தொடுவதும் விடுவதுமாக இருக்கும். எனவே விளக்கு இமைக்கும், மங்கும், அணையும்.

இரண்டாவது, மெல்லிய வயரும் வெறுமனே முறுக்கிய இணைப்பும். மூன்றாவது, எமது ஊர் வழக்கம். இயந்திரம் ஒருவருடையது, பெட்டி இன்னொருவருடையது. இன்று இந்த இயந்திரத்தில் கொழுவிய பெட்டி நாளை வேறோர் இயந்திரத்தில் கொழுவப்படுகிறது. ஒவ்வொருவரும் தத்தம் மனப்படி வயர் இணைத்திருப்பதால், ஒன்றின் பிளக் மற்றதற்குப் பொருந்துவதில்லை. பொருந்தினாலும் பிறேக் அழுத்தும்போது சிக்னல் எரிகிறது. அவசரத்தில் வயரை வெட்டி முறுக்குகிறார்கள். அடுத்த மழையோடு அதுவும் போய்விடுகிறது.

இந்த மூன்றாவது காரணத்தைத் தனியொருவரால் தீர்க்க முடியாது. ஊர் கூடித்தான் தீர்க்கவேண்டும். அதைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் ஒளித்தெறிப்பான்

வயர் வேலை தொடங்குமுன், மின் தேவையில்லாத ஒன்றைச் செய்துவிடுவோம். சைக்கிளின் பின் மட்காட்டில் இருக்கும் சிவப்புத் தெறிப்பானை எல்லோரும் அறிவோம். பின்னால் வரும் வாகனத்தின் ஒளியை அதே வாகனத்தை நோக்கித் திருப்பி அனுப்புவதே அதன் வேலை. பற்றறி செத்தாலும் வயர் அறுந்தாலும் அது வேலை செய்யும். வண்டி பழுதாகி வீதியோரம் நிற்கும்போதும் காவல் காக்கும்.

பெட்டியின் பின்புறத்தில் இடமும் வலமுமாக, எவ்வளவு ஓரத்துக்குக் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு ஓரத்தில், இரண்டு சிவப்புத் தெறிப்பான்களைப் பூட்டவேண்டும். நடுவில் மட்டும் ஒன்றைப் பூட்டினால், பின்னால் வருபவர் அதனை மோட்டார் சைக்கிள் என்று எண்ணி ஓரத்தால் முந்தப் பார்ப்பார். ஐரோப்பிய நாடுகளில் இழுத்துச் செல்லப்படும் பெட்டிகளுக்கு முக்கோண வடிவச் சிவப்புத் தெறிப்பான் பயன்படுகிறது. அந்த வடிவைக் கண்டதும் முன்னே செல்வது பெட்டி என்று சாரதிக்குத் தெரிந்துவிடும். பக்கங்களில் மஞ்சள், முன்புறம் வெள்ளை என்பது முறை. முன்புறம் ஒருபோதும் சிவப்புப் பூட்டலாகாது.

தெறிப்பான் கிடைக்காவிடில் ஒளிதெறிக்கும் ஒட்டுப்பட்டியை வாங்கி ஒட்டலாம். ஒட்டுமுன் அந்த இடத்தின் துருவை உரசி, எண்ணெய் போகத் துடைத்து, உலரவிட வேண்டும். பின் பலகையைக் கழற்றி வைத்து ஓடும் வழக்கம் இருந்தால், பலகையில் ஒட்டாமல் சட்டத்தில் ஒட்டவேண்டும். வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடைப்பது அவசியம். சேறு மூடிய தெறிப்பான் இருந்தும் இல்லாததே.

மெதுவாகச் செல்லும் வாகனங்களுக்கென்றே ஓர் அடையாளம் அமெரிக்காவில் உண்டு. செம்மஞ்சள் முக்கோணமும் அதைச் சுற்றி ஒளிதெறிக்கும் சிவப்புக் கரையும் கொண்ட இது, 1960களில் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டது. செம்மஞ்சள் பகலிலும், சிவப்புக் கரை இரவிலும் தெரியும். தகரத்தில் வெட்டி இவ்வாறான ஒன்றை எமது கராஜ்களிலும் செய்யலாம். ஆனால் அது விளக்குக்கு மேலதிகமாக இருக்கவேண்டுமே தவிர, விளக்குக்குப் பதிலாகாது.

வேலைக்குத் தேவையானவை

ஏழு முனைப் பிளக்கும் சொக்கற்றும் ஒரு சோடி, பின்விளக்கு, பிறேக் விளக்கு, சிக்னல் மூன்றும் சேர்ந்த விளக்குக் கூடு இரண்டு, பல நிற வயர்கள் அடங்கிய கேபிள், பியூஸும் அதன் கூடும், வயர் முனைகள், அரை அங்குலப் பிவிசி குழாய், சில கிளிப்புகள். சோதனை விளக்கு ஒன்றையும் நாமே செய்துகொள்ளலாம். 12 வோல்ற் குமிழ் ஒன்றில் இரண்டு நீள வயர்களை ஒட்டி, ஒன்றின் நுனியில் முதலைக் கிளிப்பும் மற்றதன் நுனியில் கூரான கம்பியும் பொருத்தினால் போதும்.

வயரின் பருமன் முக்கியம். பிறேக் விளக்கின் குமிழ் 21 வாற். 12 வோல்ற்றில் ஒரு குமிழ் 1.75 அம்பியர் எடுக்கும், இரண்டுக்கும் 3.5 அம்பியர். 0.5 சதுர மில்லி மீற்றர் பருமனுள்ள செப்பு வயரில் 10 மீற்றர் தூரம் இந்த மின்னோட்டம் சென்றால், வழியிலேயே ஏறத்தாழ 1.2 வோல்ற் இழக்கப்படும். அதாவது பத்தில் ஒரு பங்கு. ஆனால் இழைக் குமிழின் ஒளி இதைவிட வேகமாகக் குறையும். வோல்ற்றளவு பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். 1 சதுர மில்லி மீற்றர் வயர் போட்டால் இழப்பு பாதியாகிவிடும். எல்லா விளக்குகளின் மின்னும் எர்த் வயர் ஒன்றாலேயே திரும்புவதால், அதனை 2.5 சதுர மில்லி மீற்றராகப் போடுவது நல்லது.

இயந்திரத்தின் பக்கம்

வேலை தொடங்குமுன் பற்றறியின் எர்த் பக்க முனையைக் கழற்றிவிட வேண்டும். எந்த முனை இயந்திர உடலோடு பூட்டப்பட்டிருக்கிறது என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். இன்றைய வாகனங்களில் எதிர் முனைதான் உடலோடு சேரும். பழைய பிரித்தானிய இயந்திரங்கள் சிலவற்றில் நேர் முனை உடலோடு சேர்ந்திருக்கும். இழைக் குமிழுக்கு இது பொருட்டல்ல. எல்.ஈ.டி. விளக்குக்கு நேர், எதிர் மாறினால் அது எரியாது. சில வேளை பழுதாகியும் விடும்.

இனிப் பற்றறியிலிருந்து பெட்டி விளக்குகளுக்கெனத் தனி வயர் ஒன்றை எடுத்து, பற்றறிக்கு மிக அருகிலேயே 10 அம்பியர் பியூஸ் ஒன்றைப் பூட்டவேண்டும். பியூஸ் காப்பது விளக்கையல்ல, வயரை. தோலுரிந்த வயர் இரும்பில் பட்டால், பியூஸ் இல்லாத இடத்தில் வயரே பியூஸாகி எரியும். பக்கத்தில் இருப்பவையோ டீசலும் வைக்கோலும்.

பியூஸுக்குப் பின்னர் வயர் மூன்றாகப் பிரியும். ஒன்று முன்விளக்குச் சுவிச்சோடு சேர்ந்து எரியக்கூடியதாகப் பின்விளக்குக்கு. ஒன்று பிறேக் விளக்குக்கு. ஒன்று சிக்னல் சுவிச்சுக்கு.

பழைய இயந்திரங்கள் பலவற்றில் பிறேக் விளக்குச் சுவிச் கிடையாது. இதற்கு எளிய வழி, மோட்டார் சைக்கிளின் பின் பிறேக்கில் இருக்கும் இழுவைச் சுவிச். அதன் சுருள்வில்லைப் பிறேக் மிதியில் கொழுவினால், மிதி இறங்கும்போது விளக்கு எரியும். ஆனால் அச்சுவிச் ஒரு குமிழுக்கென்றே செய்யப்பட்டது. 21 வாற் குமிழ்கள் இரண்டை நேரடியாக அதில் மாட்டினால் தொடுமுனைகள் விரைவில் கருகிவிடும். இடையில் ஒரு றிலே வைக்கவேண்டும். அல்லது குறைந்த மின் எடுக்கும் எல்.ஈ.டி. பிறேக் விளக்கைப் போடவேண்டும்.

சிக்னலை இமைக்கவைக்கும் பிளாஷர் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய வகைப் பிளாஷர் குறிப்பிட்ட எண்ணிக்கையான குமிழ்களுக்கென்றே அமைந்தது. பெட்டியின் குமிழும் சேரும்போது அதன் தாளம் மாறும். குமிழ்களின் எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் ஒரே தாளத்தில் இமைக்கும் இலத்திரனியல் பிளாஷரை வாங்குவதே நல்லது.

பிளக்கின் ஒழுங்கு

ஏழு முனைப் பிளக்குக்குச் சர்வதேச ஒழுங்கு ஒன்று உண்டு. ஐரோப்பாவில் 12 வோல்ற் பெட்டிகளுக்கு நெடுங்காலமாகப் பயன்படுவது இதுவே. பிளக்கின் உள்ளே ஒவ்வொரு முனைக்கும் அருகில் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும்.

1 – மஞ்சள் – இடப்பக்கச் சிக்னல்
2 – நீலம் – மூடுபனி விளக்கு (எமக்குத் தேவையில்லை, வெறுமையாக விடலாம்)
3 – வெள்ளை – எர்த்
4 – பச்சை – வலப்பக்கச் சிக்னல்
5 – மண்ணிறம் – வலப்பக்கப் பின்விளக்கு
6 – சிவப்பு – பிறேக் விளக்கு
7 – கறுப்பு – இடப்பக்கப் பின்விளக்கு

இந்த நிறங்களில் வயர் கிடைக்காவிடில் கவலையில்லை. இலக்கம் சரியாக இருந்தால் போதும். வேற்று நாட்டுப் பெட்டி அல்லது பிக்கப் வாகனம் கைக்கு வந்தால் நிறத்தை நம்பவே கூடாது. அமெரிக்க ஒழுங்கில் நீல வயர் மின் பிறேக்குக்கு உரியது. சோதனை விளக்கால் ஒவ்வொன்றாகப் பார்த்த பின்னரே இணைக்கவேண்டும்.

சொக்கற்றை இயந்திரத்தின் பின்புறத்தில், கொழுக்கிக்கு மேலே, சில்லு வீசும் சேறு படாத இடத்தில் பூட்டவேண்டும். மூடி கீழ்நோக்கி விழுந்து தானே மூடும்படி இருக்கட்டும்.

பெட்டியின் பக்கம்

பிளக்கிலிருந்து வரும் கேபிள் திருப்பத்தில் இழுபடாத அளவுக்குத் தளர்வாகவும், நிலத்தில் உரசாத அளவுக்கு உயரமாகவும் இருக்கவேண்டும். இயந்திரத்தின் பின்னால் சுழலும் தண்டுக்கு அருகே அது போகலாகாது. பெட்டியின் முன்சட்டத்தில் ஒரு கிளிப்பால் இறுக்கிவிட்டால், தவறி இழுபட்டாலும் பிளக்கே கழன்று வரும், வயர் அறாது.

பின்னர் கேபிளைப் பிவிசி குழாயினுள்ளே விட்டு, சட்டத்தின் உட்பக்கமாகப் பின்னுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இரும்பில் துளையிட்டு வயர் செல்லும் இடமெல்லாம் இறப்பர் வளையம் போடவேண்டும். துளையின் கூரிய விளிம்பு குலுக்கத்தில் வயரின் தோலைத் தின்றுவிடும். இணைப்புகளை முறுக்கி ரேப் சுற்றி விடாமல், முனை போட்டு நெரித்து அல்லது ஈயம் ஒட்டி, அதன்மேல் ரேப் சுற்றவேண்டும்.

எர்த் வயரை ஒவ்வொரு விளக்குக் கூட்டின் எர்த் முனைக்கும் நேரடியாகவே கொண்டுபோய் இணைப்பது சிறந்தது. அப்போது பெட்டியின் துரு எமக்குத் தடையாகாது.

விளக்குக் கூடுகளைப் பெட்டியின் இரு ஓரங்களிலும், மூட்டை இறக்கும்போது அடிபடாத இடத்தில் பூட்டி, வளைத்த கம்பியால் காப்புப் போடவேண்டும். படங்கு தொங்கினாலும் வைக்கோல் வழிந்தாலும் மறையாத இடமாக இருக்கவேண்டும். பெட்டியைவிட அகலமாக வைக்கோல் ஏற்றும் நாளில், தெறிப்பான் ஒட்டிய பலகை ஒன்றைச் சுமையின் ஓரத்தில் கட்டிவிடலாம்.

பின்விளக்குக்கும் பிறேக்குக்கும் பொதுவான இரட்டை இழைக் குமிழில் 5 வாற் இழை பின்விளக்குக்கும் 21 வாற் இழை பிறேக்குக்கும் உரியன. அதன் இரு பக்க முளைகளும் சம உயரத்தில் இருக்கமாட்டா. மாறிப் போடாதிருப்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். வலுக்கட்டாயமாகத் திருப்பிப் போட்டால் பின்விளக்கு பிரகாசமாகவும் பிறேக் மங்கலாகவும் எரியும்.

சோதித்தல்

இருவர் வேண்டும், ஒருவர் ஆசனத்தில், ஒருவர் பின்னால். முதலில் பின்விளக்கு, அடுத்து பிறேக், அடுத்து இட, வலச் சிக்னல் என ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். அத்துடன் நிறுத்திவிடாமல் மூன்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்க்கவேண்டும். ஏனெனில் எர்த் குறைபாடு ஒரு விளக்குக்குத் தெரியாது. எல்லாம் சேர்ந்தபோதே வெளிப்படும்.

சிக்னல் இமைக்கும்போது பின்விளக்கும் சேர்ந்து துடித்தால் எர்த் கெட்டுவிட்டது. திரும்பும் வழி அடைபட்டதால் மின் மற்றக் குமிழின் இழை வழியாகத் தப்பி ஓடுகிறது.

பிறேக் அழுத்தும்போது பின்விளக்கு மங்கினால் அதுவும் எர்த்தாகவே இருக்கும். அல்லது வயர் மெல்லியது.

ஒரு விளக்கு மட்டும் எரியாவிடில் குமிழையும் அதன் கூட்டிலுள்ள துருவையும் பார்க்கவேண்டும். எதுவுமே எரியாவிடில் பியூஸ், பிளக்கின் 3ஆம் முனை என்ற வரிசையில் பார்க்கவேண்டும்.

பியூஸ் திரும்பத் திரும்ப எரிந்தால் பிளக்கைக் கழற்றிவிட்டு புதிய பியூஸ் போடுங்கள். அதுவும் எரிந்தால் பிழை இயந்திரத்தில், எரியாவிடில் பெட்டியில். சிகரெட் ஈயத்தாளைச் சுற்றிப் பியூஸாக வைப்பது தீயை அழைப்பதாகும்.

பெட்டியில் ஒட்டு வேலை செய்யும்போது பிளக்கைக் கழற்றி வைப்பதையும் மறக்கலாகாது.

லான்ட்மாஸ்ரர் பெட்டிகள்

இரு சில்லு உழவு இயந்திரங்கள் பலவற்றில் பற்றறி இல்லை. இயந்திரம் சுற்றும்போது மட்டும் முன்விளக்குக்கு மின் கிடைக்கும். வேகம் குறைந்தால் விளக்கும் மங்கும். இதை நம்பிப் பின்விளக்குப் பூட்டினால், வீதியோரம் நிறுத்தியவுடன் இருள் சூழ்ந்துவிடும். இவற்றுக்குத் தனியாக ஒரு மோட்டார் சைக்கிள் பற்றறி வைப்பதே வழி. 2 வாற் எல்.ஈ.டி. விளக்குகள் இரண்டு சேர்ந்து 12 வோல்ற்றில் அம்பியரில் மூன்றில் ஒரு பங்கு மாத்திரமே எடுக்கும். 5 அம்பியர் மணிப் பற்றறி ஒன்றை முற்றாக இறங்கவிடாமல் பயன்படுத்தினாலும் பத்து மணித்தியாலம் எரியும். வீட்டிலோ சிறு சூரியத் தகட்டிலோ அதற்கு மின்னேற்றலாம். இந்தப் பற்றறிக்கும் பியூஸ் வேண்டும்.

பிறேக்: பெட்டி தள்ளும், இயந்திரம் தாங்குமா?

விளக்கு பின்னால் வருபவரைக் காக்கிறது. பிறேக் முன்னால் இருப்பவரையும் சாரதியையும் காக்கிறது. ஒரு மூட்டை நெல் 65 கிலோ என்று வைத்தால், 50 மூட்டை 3,250 கிலோ. பெட்டியின் நிறையையும் சேர்த்தால் நான்கு தொன்னளவில் வரும். மசி பெர்கியுசன் 135 போன்ற இயந்திரத்தின் நிறையோ ஏறத்தாழ ஒன்றரைத் தொன்தான். பிறேக் இருப்பதும் அதன் பின்சில்லுகளில் மட்டுமே. பிறேக் இல்லாத பெட்டியை அது நிறுத்த முயலும்போது, பெட்டி பின்னாலிருந்து தள்ளுகிறது. நேராகத் தள்ளினால் நிற்கும் தூரம் கூடும். திருப்பத்தில் தள்ளினால் இயந்திரம் பக்கவாட்டில் மடிந்து கவிழும்.

இதற்காகவே பெட்டியிலும் பிறேக் இருக்கவேண்டும். எளிமையானது தள்ளுவிசைப் பிறேக். இயந்திரம் வேகம் குறையும்போது பெட்டி முன்னோக்கித் தள்ளும் அல்லவா? அந்தத் தள்ளுவிசையே முன்சட்டத்தின் ஒரு நெம்பை அழுத்தி, கேபிளை இழுத்து, பெட்டிச் சில்லுகளின் பிறேக்கைப் பிடிக்கிறது. பின்னுக்கு எடுக்கும்போதும் இது பிடித்துக்கொள்ளும் என்பதால் அதைத் தடுக்க ஒரு பூட்டு இருக்கும். வீதிக்கு ஏறுமுன் அந்தப் பூட்டை விடுவிக்கவேண்டும். பல லான்ட்மாஸ்ரர் பெட்டிகளில் சாரதியின் காலடியில் பிறேக் மிதி இருக்கிறது. அதன் கம்பியும் லைனிங்கும் தேய்ந்து கிடப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அமெரிக்கா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் பிக்கப் வாகனங்கள் இழுக்கும் பெட்டிகளுக்கு மின் பிறேக் வழக்கமானது. பெட்டிச் சில்லின் உள்ளே ஒரு மின்காந்தம் இருக்கும். சாரதியின் முன்னே இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, பிறேக் அழுத்தும் அளவுக்கேற்ப அதற்கு மின் அனுப்பும். அதற்கு நான்கு வயர்கள்: பற்றறியிலிருந்து ஒன்று, எர்த் ஒன்று, பிறேக் விளக்குச் சுவிச்சிலிருந்து ஒன்று, பெட்டியின் மின்காந்தத்துக்கு ஒன்று. இரு சில்லுக்கும் சேர்ந்து ஏறத்தாழ 6 அம்பியர் எடுக்கும் என்பதால், பற்றறியிலிருந்து தடித்த வயர் தனியாக வரவேண்டும். விளக்கு வயரிலிருந்து கிளை எடுக்கலாகாது. பெட்டி கழன்றுவிட்டால் தன் சொந்தப் பற்றறியால் தானே பிறேக் பிடிக்கும் ஏற்பாடும் அவற்றில் உண்டு. எமது பெட்டிகளுக்கு அது தேவைப்படாவிட்டாலும், அதன் பின்னுள்ள கருத்து எமக்கும் உரியது. சுமை எங்கே இருக்கிறதோ அங்கே பிறேக்கும் இருக்கவேண்டும். கொழுவல் விட்டுப்போனால் என்ன செய்வது என்று முன்னமே எண்ணியிருக்கவேண்டும்.

பிறேக் உள்ள பெட்டி கிடைக்கும்வரை கடைப்பிடிக்க வேண்டியவை:

வீதிக்கு ஏறுமுன் இட, வலப் பிறேக் மிதிகள் இரண்டையும் சேர்த்துப் பூட்டவேண்டும். வயலில் திரும்ப உதவும் தனிப் பிறேக், வீதியில் ஒரு பக்கம் மட்டும் பிடித்துக் கவிழ்த்துவிடும்.

இறக்கம் வருமுன்பே சிறிய கியருக்கு மாறவேண்டும். இறக்கத்தில் கிளச்சை மிதிப்பதும் நியூற்றலில் விடுவதும் இயந்திரத்தின் இழுத்துப் பிடிக்கும் சக்தியை இழப்பதாகும்.

லான்ட்மாஸ்ரரை இறக்கத்தில் பெட்டி தள்ளும்போது திருப்பும் கிளச் எதிர்மாறாக வேலை செய்யும். இடப்பக்கத்தைப் பிடித்தால் வலப்பக்கம் திரும்பும். புதிதாக ஓட்டும் இளைஞருக்கு இதை வெறும் பெட்டியோடு காட்டிக் கொடுக்கவேண்டும்.

கொழுவும் ஆணிக்குக் காப்பு ஊசி போடுவதோடு, பெட்டிக்கும் இயந்திரத்துக்கும் இடையே ஒரு சங்கிலியும் போடவேண்டும். நிறுத்தும்போது சில்லுக்குக் கட்டை வைக்கவேண்டும்.

வயலில் பயன்படுத்தும் பின்பக்க வெள்ளை விளக்கை வீதியில் அணைத்துவிட வேண்டும். பின்னால் வருபவர் அதனை எதிரே வரும் வாகனமாக எண்ணுவார், கண்ணும் கூசும்.

ஊர் கூடிச் செய்யவேண்டியது

ஒருவர் தன் பெட்டிக்கு மட்டும் ஒழுங்காக வயர் போட்டால், அது அவருடைய இயந்திரத்தோடு மட்டுமே எரியும். ஊரிலுள்ள எல்லா இயந்திரங்களும் பெட்டிகளும் ஒரே இலக்க ஒழுங்கில் இருந்தால், எந்தப் பெட்டியை எந்த இயந்திரத்தில் கொழுவினாலும் விளக்கு எரியும். கமக்காரர் அமைப்போ கிராம அபிவிருத்திச் சங்கமோ ஒரு கூட்டத்தில் இதைத் தீர்மானிக்கலாம். மேலே தந்த ஏழு முனை ஒழுங்கை அட்டையில் எழுதி கராஜிலும் சங்கக் கட்டடத்திலும் தொங்கவிடலாம். பிளக்குகளையும் தெறிப்பான்களையும் மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும்.

காலபோக அறுவடைக்கு முன் ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்கலாம். பெட்டிகளை வரிசையாக நிறுத்தி, இருட்டிய பின் 150 மீற்றர் தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிளின் விளக்கைப் போட்டுப் பார்த்தால், எது தெரிகிறது, எது தெரியவில்லை என்பதை எல்லோரும் கண்ணால் காண்பார்கள். மின்வேலை தெரிந்த இளைஞர் இருவர் உடனிருந்தால் சிறு பிழைகளை அங்கேயே திருத்திவிடலாம்.

பெட்டியை வாடகைக்குப் பிடிப்பவருக்கும் இதில் பங்குண்டு. வாடகையைப் பேசும்போதே விளக்கு எரிகிறதா என்று கேட்டால், உரிமையாளர் அடுத்த முறை அதைத் திருத்தி வைத்திருப்பார். இரவில் பெட்டியில் பிள்ளைகளை ஏற்றுமுன் பின்னால் ஒரு தடவை சென்று பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். இருட்டில் பின்னால் வந்து மோதுபவர் பெரும்பாலும் அந்நியரல்லர். வேலை முடித்து அதே ஊருக்குத் திரும்பும் எமது அயலவர்தான். இந்தச் சிறு செலவும் ஒரு நாள் உழைப்பும் அவருக்காகவும் செய்யப்படுபவையே.